நாலு வருஷமா பஸ் ஸ்டாண்டை மட்டும்தான் பார்த்தோம்

எங்க கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல வருஷத்துக்கு ஒரு தடவை தவறாம வர்ற சண்டை, டூர் சண்டை. "எங்க போலாம்?"னு சி.ஆர். ஒரு ஓட்டெடுப்பு போடுவான். ஊட்டி, மூணாறு, பெங்களூரு, கோவா. கோவாவுக்கு முப்பது ஓட்டு விழும். வீட்ல கேட்டுட்டு வந்ததும் அதுல இருபது பேர் ஓட்டை மாத்துவாங்க. ஒரு வாரம் கத்திட்டு கடைசியில எல்லாரும் கொடைக்கானல்ல வந்து நிப்போம்.

மூணு வருஷம் இப்படிப் போனோம். அந்த மூணு வருஷமும் எங்க கேங்ல ஒருத்தன் மட்டும் வரல. முதல் வருஷம் காய்ச்சல். ரெண்டாவது வருஷம் சொந்தக்காரங்க கல்யாணம். மூணாவது வருஷம், "நான் பாக்காத கொடைக்கானலாடா?"ன்னு சிரிச்சான். அவன் திண்டுக்கல்காரன், டே ஸ்காலர். உள்ளூர்க்காரன் திமிருன்னு நாங்களும் விட்டுட்டோம்.

இந்த வருஷம் ஃபைனல் இயர். தலைக்கு 3,400 ரூபாய்னு பட்ஜெட் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு டிராவல் வீடியோ பாத்துட்டு இருந்தோம். இங்கிலாந்துல வெல்ஸ்னு ஒரு ஊர். பத்துப் பன்னிரண்டாயிரம் பேர்தான் இருப்பாங்க. நம்ம ஊர்ல அது ஒரு பேரூராட்சிக்குச் சமம். ஆனா அங்க ஒரு கதீட்ரல் இருக்கறதால அதை 'சிட்டி'ன்னு சொல்றாங்க. வீடியோ போட்டவர் காலையில போய் சாயங்காலம் திரும்புறார். கோயிலைப் பாக்குறார், பழைய தெருவுல நடக்குறார், ஒரு கடையில உக்காந்து சாப்பிடுறார். அவ்வளவுதான் வீடியோ. நாங்க பத்துப் பேர் வாயைப் பொளந்து பாத்தோம்.

ரெக்கார்ட் எழுத அன்னிக்கு ஹாஸ்டல்ல தங்கியிருந்த அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "இதுக்கு ஏன்டா இங்கிலாந்து? திண்டுக்கல்லும் கதீட்ரல் சிட்டிதான். நாலு வருஷமா பஸ் ஸ்டாண்டைத் தவிர எதையாவது பாத்திருக்கீங்களா?"

யாருக்கும் பதில் இல்ல. நான் கோவில்பட்டிக்காரன். எனக்குத் தெரிஞ்ச திண்டுக்கல் மூணே இடம்: பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், பிரியாணிக் கடை. அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு பேர் அவனோட கிளம்பினோம். அந்த ஒரு நாளை வச்சுத்தான் இந்தக் கட்டுரை. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் நடத்துற முதல் டூர் நம்ம கல்லூரி இருக்கிற ஊருக்கே இருக்கணும். அதுவும் முதல் வருஷத்துலயே.

முதல்ல அந்த கதீட்ரல் விஷயத்தை முடிச்சிருவோம். பெரிய சர்ச்சா இருந்தா கதீட்ரல்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். அது தப்பு. 'கதீட்ரா'ன்னா கிரேக்கத்துல இருக்கை, நாற்காலி. ஒரு மறைமாவட்டத்தோட ஆயர் உக்காந்து போதிக்கிற நாற்காலி எந்தக் கோயில்ல இருக்கோ, அதுதான் கதீட்ரல். தமிழ்ல பேராலயம். உயரம், அகலம், அழகு எதுவும் கணக்கு இல்ல. திருச்சிக்குப் போனா எல்லாரும் தெப்பக்குளம் பக்கம் இருக்கிற லூர்து அன்னை ஆலயத்தைத்தான் போட்டோ எடுப்பாங்க. ஆனா திருச்சி மறைமாவட்டத்தோட பேராலயம் மேலப்புதூர்ல இருக்கிற மரியன்னை ஆலயம். வேளாங்கண்ணிக்கு அத்தனை லட்சம் பேர் போறாங்க, ஆனாலும் அந்த மறைமாவட்டத்துக்குப் பேராலயம் தஞ்சாவூர்ல இருக்கு. நாற்காலி எங்கேங்கறதுதான் கேள்வி. அப்படிப் பாத்தா எங்க எச்.ஓ.டி. ரூமும் ஒரு வகையில கதீட்ரல்தான், போதனை அங்கதான் நடக்குது.

திண்டுக்கல் புனித வளனார் ஆலயத்தைக் கட்டினது 1866-லிருந்து 1872 வரைக்கும். திண்டுக்கல் நகராட்சி பிறந்ததும் அதே 1866-லதான். ஆனா இது பேராலயம் ஆனது 2003-ல். அதுவரைக்கும் திருச்சி மறைமாவட்டத்துக்குள்ள இருந்த திண்டுக்கல் பகுதியைப் பிரிச்சுத் தனி மறைமாவட்டம் ஆக்கினாங்க, நாற்காலி இங்க வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, அரசாங்கக் கணக்குல திண்டுக்கல் 1985 வரைக்கும் மதுரை மாவட்டம். ஆக ஒரே ஊர் கலெக்டருக்கு மதுரையையும் ஆயருக்கு திருச்சியையும் பாத்துட்டு இருந்திருக்கு.

சரி, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். காலையில ஏழரைக்கெல்லாம் மலைக்கோட்டை அடிவாரத்துல நின்னோம். "வெயில் ஏறுறதுக்குள்ள ஏறிரணும், பாறை சுட ஆரம்பிச்சா அங்கிட்டும் போக முடியாது இங்கிட்டும் போக முடியாது"ன்னான். அடிவாரத்துல கோட்டை மாரியம்மன் கோயில். மாசித் திருவிழாவுக்கு ஊரே அங்கதான் இருக்கும்னு சொன்னான். அதைத் தாண்டினா மொட்டைப் பாறையில வெட்டின படிக்கட்டு. தலையணைத் திண்டு மாதிரி ஒரு கல், அதனால திண்டுக்கல். பேருக்குச் சொல்ற இந்த விளக்கம், கொஞ்சம் தள்ளி நின்னு மலையைப் பாத்தாலே புரிஞ்சிரும்.

கோட்டையோட கதையை இங்க சுருக்கமா சொல்றேன். மதுரை நாயக்கர்கள் காலத்துல, 1605-ல், முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பிச்சது. பின்னால மைசூர்க்காரங்க கைக்குப் போச்சு. 1755-ல ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாரா, அதாவது படைத் தலைமை அதிகாரியா வந்தார். அப்ப அவர் மைசூர் ராஜாகிட்ட வேலை பாக்கிற ஒரு தளபதிதான். பிரெஞ்சு இன்ஜினியர்களை வச்சு இங்க ஆயுதப் பட்டறை அமைச்சார், பீரங்கிப் படையை வளத்தார். பின்னால மைசூரையே ஆண்ட மனுஷனுக்கு இது ஒருவகையில பயிற்சிக் களம். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் உதவி கேட்டு வந்ததும் ஹைதர் அலிகிட்டதான், இந்தத் திண்டுக்கல் பக்கம்தான். அப்புறம் ஆங்கிலேயர் 1767-ல பிடிச்சாங்க, விட்டாங்க. 1783-ல பிடிச்சாங்க, அடுத்த வருஷ ஒப்பந்தத்துல திருப்பிக் கொடுத்தாங்க. 1790-ல மறுபடி பிடிச்சாங்க. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திண்டுக்கல் கம்பெனிக்கே எழுதிக் கொடுக்கப்பட்டுச்சு. கம்பெனியை எதிர்த்து நின்ன விருப்பாச்சி கோபால் நாயக்கரை 1801-ல தூக்குல போட்டது இந்த ஊர்லதான்.

இதெல்லாம் ஸ்கூல் புத்தகத்துல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சதுதான். மேல நின்னு ஒரு பக்கம் சிறுமலையையும் இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைத்தொடரையும், நடுவுல விரிஞ்சு கிடக்கிற சமவெளியையும் பாக்கும்போதுதான் இந்த ஒத்தைப் பாறைக்கு ஏன் இத்தனை பேர் அடிச்சுக்கிட்டாங்கன்னு விளங்குச்சு. மதுரைக்கு இந்தப் பக்கமா படை வந்தா இங்கிருந்து தெரிஞ்சிரும். நாலு வருஷமா பஸ்ல இந்த மலையைச் சுத்திப் போயிருக்கேன். அது ஒரு கோட்டைங்கறதே பாதி நேரம் ஞாபகம் இருக்காது.

உச்சியில ஒரு கோயில் இருக்கு. தூண்கள்ல அத்தனை வேலைப்பாடு. உள்ள சாமி இல்ல. போர்க் காலத்துல சாமியைக் கீழே கொண்டு போய்ட்டாங்க, இப்ப ஊருக்குள்ள இருக்கிற அபிராமி அம்மன் கோயில்தான் அதுன்னு அவன் சொன்னான். அந்த மண்டபத்து நிழல்ல உக்காந்து தண்ணி குடிச்சுட்டு இருந்தப்பத்தான் நான் கேட்டேன்: "இவ்வளவு ஆசையா ஊர் சுத்துற. டூருக்கு மட்டும் ஏன்டா வர மாட்டேங்குற?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "வர ஆசை இல்லாம இல்லடா. 3,400 ரூபாய் எங்க வீட்டு ஒரு மாச வாடகை. அப்பாகிட்ட கேட்டா எங்கயாவது வாங்கிக் கொடுத்துருவார். அதான் கேக்கல"ன்னான். உடனே எந்திரிச்சு, "வாங்கடா, வெயில் ஏறுது"ன்னு நடந்துட்டான்.

மூணு வருஷம் அவனைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இறங்கும்போது யாரும் செல்ஃபி எடுக்கல.

கீழே வந்து டீ குடிச்சுட்டு பேராலயத்துக்குப் போனோம். ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சு கூட்டம் கலைஞ்சிருந்துச்சு. எங்க அஞ்சு பேர்ல ஒருத்தன் கூட கிறிஸ்தவன் இல்ல. உள்ள போலாமான்னு வாசல்ல தயங்கி நின்னோம். ஒரு பாட்டி, "செருப்பை அங்கிட்டு விட்டுட்டு உள்ள போங்க சாமி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னாங்க. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே தரையில கால் வச்சதும் குளிர்ச்சி. பெஞ்சுல உக்காந்தோம். ஒரு கால் மணி நேரம் யாரும் போனை எடுக்கல. எங்க கேங்குக்கு அது ஒரு சாதனை.

அங்க உக்காந்திருக்கும்போது அந்தப் பேரைப் பத்திப் பேச்சு வந்துச்சு. ஜோசப்பை ஏன் வளனார்னு சொல்றாங்க? ஊர்ப் பெரியவங்க சூசையப்பர்னு சொல்லுவாங்க, அது 'ஜோசப்' தமிழ் நாக்குல உருண்டு வந்த வடிவம். 'வளன்'ங்கறது வேற. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், அதாவது பெஸ்கி, 1726-ல தேம்பாவணி எழுதினார். 36 படலம், 3,615 பாட்டு. அந்தக் காப்பியத்தோட தலைவனே சூசைதான். ஜோசப்புங்கற எபிரேயப் பேருக்கு 'பெருகுவது, கூடுவது'ங்கற பொருள் உண்டு. அதைப் பிடிச்சு வளம், வளன்னு தமிழாக்கிட்டார். பேராலயப் பலகையில நாம படிக்கிற பேருக்குப் பின்னால ஒரு தமிழ்க் காப்பியம் இருக்கு. தமிழ் மன்றத்துல மூணு வருஷமா இருக்கேன், இந்தப் பலகை முன்னாடி வந்து நிக்கத் தோணல.

மதியம் பிரியாணி. அதை விட்டா திண்டுக்கல் கட்டுரை முடியாது. 1957-ல நாகசாமி நாயுடு ஆரம்பிச்ச ஒரு சின்னக் கடையும், அவர் தலையில கட்டின தலப்பாவும், சீரகச் சம்பா அரிசியும் இன்னிக்கு உலகம் முழுக்க இந்த ஊர் பேரைச் சொல்லுது. ஆனா நாங்க போனது அவன் வழக்கமா சாப்பிடுற ஒரு சின்னக் கடை. ஆளுக்கு 130 ரூபாய்.

சாப்பிட்டுட்டு பேகம்பூர். ஹைதர் அலியோட தங்கச்சி அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம். அந்தப் பேகத்தாலதான் பேகம்பூர்ங்கற பேரும், அங்க இருக்கிற பெரிய பள்ளிவாசலுக்கு பேகம்பூர் பள்ளிவாசல்ங்கற பேரும். காலையில பாத்த கோட்டையில அண்ணன், மதியம் பாத்த பள்ளிவாசல்ல தங்கச்சி. ரெண்டையும் ஒரே நாள்ல நடந்து பாத்தாத்தான் அது ஒரு குடும்பத்துக் கதையா தெரியும். மலைமேல சாமியில்லாத கோயில், அடிவாரத்துல மாரியம்மன், ஊருக்குள்ள அபிராமி, வளனார், பேகம்பூர். இது எல்லாம் ஒரே நாள்ல அடங்கிடுற தூரம். மத நல்லிணக்கம்னு செமினார் ஹால்ல பேனர் கட்டி ஒரு மணி நேரம் பேசுறதை விட அந்தப் பாட்டி சொன்ன "உள்ள போங்க சாமி" எனக்கு அதிகமா சொல்லிக் கொடுத்துச்சு.

கடைசி இடம்தான் மெக்கானிக்கல்காரங்களான எங்களுக்கு அவமானமா போச்சு. அவனோட பெரியப்பா நாகல் நகர் பக்கம் வீட்டுத் திண்ணையிலயே பூட்டு செய்றவர். "என்ன படிக்கிறீங்க தம்பி?"ன்னார். "மெக்கானிக்கல், ஃபைனல் இயர்"னோம், கொஞ்சம் மிதப்பாவே. சிரிச்சுட்டு ஒரு மாங்காய்ப் பூட்டையும் சாவியையும் கையில கொடுத்து, "திறங்க பாப்போம்"னார். சாவி கையில இருக்கு, பூட்டு திறக்கல. நாலு பேரும் மாத்தி மாத்தித் திருகினோம். இருபது நிமிஷம். அப்புறம் அவர் வாங்கி, சாவித் துவாரத்துப் பக்கத்துல ஒரு ஆணித் தலை மாதிரி இருந்ததை விரலால நகத்திட்டு ஒரே திருப்பு. திறந்துச்சு.

பிரிச்சும் காட்டினார். உள்ளே வரிசையா லீவர்கள். சாவியோட ஒவ்வொரு படியும் ஒவ்வொரு லீவரை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கணும். எல்லா லீவர்லயும் இருக்கிற வெட்டு ஒரே நேர்கோட்டுல வந்தாத்தான் தாழ்ப்பாள் நகரும். கம்மியா தூக்கினாலும் திறக்காது, அதிகமா தூக்கினாலும் திறக்காது. மெட்ராலஜி பேப்பர்ல டாலரன்ஸ்னு படிச்சு இன்டர்னல்ல நாற்பது வாங்கினவன் நான். அவர் அதை அரத்தால, கண் அளவுல செய்றார். "எட்டு லீவர் வரைக்கும் போடுவேன். திருப்புனா மணி அடிக்கிற பூட்டும் செய்வோம்"னார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அலிகார்ப் பூட்டும் மெஷின் பூட்டும் கடை நிறைய வந்த பிறகு கைப்பூட்டுக்கு ஆர்டர் குறைஞ்சு போச்சு. "உங்களுக்கு அப்புறம் யாரு செய்வா பெரியப்பா?"ன்னு கேட்டேன். "என் பையன் திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போறான். அதுல தப்பு இல்ல தம்பி, மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல"ன்னார். அவர் குறைப்பட்டுக்கல. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருந்துச்சு. ஐ.வி.ங்கற பேர்ல இருநூறு கிலோமீட்டர் போய், ஒரு ஃபேக்டரியில அரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்னு பாத்துட்டு, மீதி ஒன்றரை நாள் ஷாப்பிங் போனவங்க நாங்க. ஒரு பொறிமுறையைக் கையில கொடுத்துப் பிரிச்சுக் காட்ட ஒருத்தர் நம்ம ஊர்லயே உக்காந்திருக்கார்.

அன்னிக்கு ராத்திரி கணக்குப் பாத்தோம். பஸ், டீ, நுழைவுச் சீட்டு, பிரியாணி, சாயங்காலம் குடிச்ச ஜிகர்தண்டா வரைக்கும் சேத்து ஆளுக்கு 290 ரூபாய்.

இதைச் சொன்னதும் கிளாஸ்ல வந்த எதிர்ப்புகளையும் எழுதிடறேன். "டூர்னா ஊரை விட்டுப் போறதுதான்டா, நைட் பஸ், பாட்டு, டான்ஸ் இதெல்லாம் வேணாமா?" வேணும். யாரும் கொடைக்கானலை மூடச் சொல்லல. காசு இருக்கிறவங்க, ஆசை இருக்கிறவங்க போங்க. ஆனா டிபார்ட்மென்ட் பேர்ல, கிளாஸ் மொத்தமும் சேந்து போறோம்னு சொல்ற ஒரு டூராவது மொத்த கிளாஸும் வர்ற விலையில இருக்கணும். எழுபது பேர்ல அறுபது பேர் போறது கிளாஸ் டூர் கிடையாது. வராத பத்துப் பேரும் காய்ச்சல்னு சொல்லுவாங்க, நாமளும் நம்பிடுவோம்.

"வெயில்ல என்னத்தைப் பாக்குறது?" ஜனவரியில போங்க, காலையில ஏறுங்க. "உள்ளூர்க்காரனுக்கு போரடிக்குமே?" எங்க நண்பனைக் கேட்டுப் பாருங்க. மூணு வருஷமா டூர் போட்டோவை ஸ்டேட்டஸ்ல பாத்துட்டு இருந்தவன் அன்னிக்கு முழுக்க முன்னால நடந்தான், நாங்க பின்னால. முதல் தடவையா அவனுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியாததா இருந்துச்சு. உள்ளூர் டூருக்கு உள்ளூர்ப் பசங்கதான் கைடு. ஹாஸ்டல், டே ஸ்காலர்னு ரெண்டா நிக்கிற கிளாஸ் ஒண்ணாகறதுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியல.

"படிப்புக்கு என்ன பிரயோஜனம்?"னு ஒரு சார் கேட்டார். சிவில் பசங்களுக்குப் பாறை மேல நானூறு வருஷம் நிக்கிற சுவர் இருக்கு. மெக்கானிக்கலுக்குப் பூட்டு. கம்ப்யூட்டர் பசங்க பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன்னு பேசுறாங்களே, எட்டு லீவர்ல எத்தனை சாவி சாத்தியம்னு கணக்குப் போடட்டும். இதுக்கு மேல என்ன வேணும்?

முதல் வருஷத்துலயே போகணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நாங்க இன்னும் மூணு மாசத்துல கிளம்பிடுவோம். நாலு வருஷம் ஒரு ஊர் சோறு சாப்பிட்டு, அதோட தண்ணியைக் குடிச்சு, வெயிலைத் திட்டிட்டு, கடைசி செமஸ்டர்ல ஒரு நாள்தான் அந்த ஊரைப் பாத்தோம். இதை முதல் செம்ல பாத்திருந்தா மெட்ராலஜி லேபை வேற மாதிரி பாத்திருப்பேன். அவனையும் வேற மாதிரி பாத்திருப்பேன்.

ஜூனியர்களே, அடுத்த வாரம் உங்க குரூப்லயும் ஓட்டெடுப்பு வரும். ஊட்டி, மூணாறு, கோவாவுக்குக் கீழே அஞ்சாவதா 'திண்டுக்கல்'னு ஒண்ணு சேத்து விடுங்க. எல்லாரும் சிரிப்பாங்க, பரவால்ல. கைடு வேணும்னா உங்க டே ஸ்காலர் ஒருத்தனைக் கேளுங்க. பெரியப்பா வீட்டுக்குப் போற வழி எங்ககிட்ட கேளுங்க. போறப்ப ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க, ஹாஸ்டல் கப்போர்டுக்கு எப்படியும் வேணும்.